எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? இன்ஜின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வேகமான கார் வைத்திருப்பவர்கள் எக்ஸாஸ்ட் மாற்ற வந்தால், பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். சத்தம் எப்படி இருக்கும், பைப் முனை எத்தனை அங்குலம், எந்தப் பிராண்டு. நான் முதலில் கேட்பது வேறு: இன்ஜின் டர்போவா (புகையின் விசையில் டர்பைனைச் சுழற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி உள்ளதா), இல்லையா? அந்தப் பதிலிலேயே பணத்தை எங்கே போட வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

டர்போ இல்லாத இன்ஜினில் பலன் முன்பக்கம், சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பான ஹெடரில்தான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை எட்டியதும் அதில் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துவிடும்; புதுக் காற்று நுழையவும் வழி கிடைக்கும். எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையில்) இது சரியாக நடக்கும் என்பதைக் குழாயின் நீளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நீளமான குழாய் நடு ஆர்பிஎம்மில் இழுவை தரும், குட்டையானது உச்ச ஆர்பிஎம்மில். பந்தயத் தளத்தில் ஓட்டும் காருக்குப் பொருந்தும் ஹெடர், தினமும் போக்குவரத்து நெரிசலில் போகும் காருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்தது பைப்பின் விட்டம். இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, பைப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பவர். இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குப் போனால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 44 சதவீதம் கூடுகிறது. அதே அளவு புகை அத்தனை இடத்தில் போகும்போது வேகம் குறையும். டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் கீழ் ஆர்பிஎம் பிக்கப் செத்துவிடும், சத்தம் மட்டும் கூடும். இன்னொன்று, இன்ஜினுக்குப் பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுவதற்கு எதிர்த்தடை வேண்டும் என்பது. வேண்டாம். புகையின் வேகம்தான் வேண்டும், தடை அல்ல.

டர்போ இன்ஜினில் கணக்கு வேறு. டர்பைனைத் தாண்டிய பிறகு தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அங்கே டர்போவை ஒட்டி வரும் குழாயான டவுன்பைப்தான் முக்கியம். ஆனால் டவுன்பைப்பை மாற்றினால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் டியூனிங்கையும் சேர்த்தே திட்டமிடுங்கள். தடை குறைந்ததும் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) குறித்த அளவைத் தாண்டி ஏறக்கூடும். அதைச் சரிபார்க்காமல் ஓட்டினால் அடிவாங்குவது பிஸ்டன்.

சரி, இப்போது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். இதைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி அனுப்புகிறது. அதைக் கழற்றினால் அந்த நச்சு அப்படியே தெருவில் நிற்பவர்கள் மூச்சில் போகும். பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. ஓட்டம் போதவில்லை என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் கொண்ட, தரச்சான்று பெற்ற கன்வர்ட்டர் இருக்கிறது. வழக்கமாக வரும் 400 அறைகளைவிட அதில் தடை குறைவு. பழைய கன்வர்ட்டர் உருகி அடைத்திருந்தால், புதியதை வாங்கும் முன் ஏன் உருகியது என்று பாருங்கள். மிஸ்ஃபயரால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்திருந்தால் புதியதும் அதே கதிதான்.

பலரும் கண்டுகொள்ளாதது கசிவு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடேறியதும் நின்றுவிடும். உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பைப்கள் இணையும் ஃபிளேஞ்சைக் கழற்றினால், இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஒரு ஓரத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படிக் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரிபொருள் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்ல, ஈசியூ இன்னும் எரிபொருளைக் கொட்டும். மைலேஜ் போகும், கன்வர்ட்டர் கொதிக்கும். எல்லாவற்றையும்விட மோசம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே ஜன்னலைத் திறந்து வண்டியை நிறுத்துங்கள். வெளியே வாருங்கள். கசிவைப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக: 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மேலே துரு பிடிக்கும், ஆனால் உழைக்கும். 304 துருவை நன்றாகத் தாங்கும். டர்போ மேனிஃபோல்டு போல மிகக் கடுமையான சூடு வரும் இடத்துக்கு டைட்டானியம் கலந்த 321 ஏற்றது. முழு டைட்டானியம் எடையை வெகுவாகக் குறைக்கும், விலை அதற்கேற்ப. பெயரைவிட வேலைப்பாட்டைப் பாருங்கள். வளைவு உள்பக்கம் சுருங்கி நசுங்கியிருந்தால், முத்திரையில் மூன்று அங்குலம் என்று இருந்தாலும் அங்கே மூன்று அங்குலம் இல்லை. டார்ச் அடித்து வெல்டிங்கின் உள்பக்கத்தையும் பாருங்கள். கறுத்து, பொருக்குப் பொருக்காக இருந்தால் உள்ளே காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவைச் செலுத்தாமல் பற்றவைத்திருக்கிறார்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைக்கும் அந்த உறுமலையும் வாங்கும் முன்பே யோசியுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை எரிகிறது, அதாவது 100 ஹெர்ட்ஸ்; அந்த அதிர்வுதான் உறுமலாகக் கேட்கிறது. கடை முன்னால் நின்று ஆக்சிலரேட்டரை அழுத்திக் கேட்டால் இது தெரியாது. ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அந்த 100 ஹெர்ட்ஸ் உறுமலை அடக்கவென்றே ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பொருத்தலாம். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டர் என்று வைத்தால் அதன் நீளம் சுமார் 1.25 மீட்டர் வரும். காரின் அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், இன்ஜின் அசைவதை வாங்கிக்கொள்ளும் ஃபிளெக்ஸ் இணைப்பும் ஹேங்கர் ரப்பர்களும் புதிதாகவே இருக்கட்டும். பொருத்திய பிறகு சில முறை சூடாகி ஆறியதும் போல்ட்களைச் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) மறுபடி இறுக்கி, பைப் எங்கும் பெட்ரோல் லைனையோ பிரேக் லைனையோ உரசவில்லை என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.