ரிங்க்: மைதானம் அல்ல, களம்

டிசம்பர் பிறந்தால் போதும், நியூயார்க் ராக்கஃபெல்லர் சென்டரின் படம் எங்காவது வந்துவிடும். பொன்னிறப் புரொமிதியஸ் சிலை, அதன் காலடியில் வெளிறிய தரை, கைகோத்துச் சுற்றும் கூட்டம். உறைந்த தரைமேல் ஸ்கேட்டிங் ஆடும் அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ரிங்க் என்று பெயர். படத்தின் அடியிலோ 'பனிச்சறுக்கு மைதானம்' என்று ஒரு வரி. இந்த ஆண்டும் வந்தது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ரிங்க் ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்த சொல். வரிசையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் இதற்கு மூலம் என்பார்கள். முதலில் குதிரைவீரர்கள் ஈட்டியோடு மோதும் இடம். பிறகு உறைந்த நீர்மேல் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்குக்கு அளந்துவிட்ட பரப்பு. அதன்பின் ஸ்கேட்டிங் ஆடும் இடம். வேர் இவ்வளவுதான். ரிங்கை ரிங் என்று படித்து 'பனி வளையம்' என்று பெயர்த்தவரையும் பார்த்திருக்கிறேன். அவரை விட்டுவிடுவோம்.

சறுக்கு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் பனியோடுதான். பனிச்சறுக்கு என்றதும் மலைச்சரிவும் காலில் கட்டிய நீளப் பலகையும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் ஸ்கீயிங்குக்குப் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. கத்திபோன்ற தகடு பதித்த காலணியோடு சமதரையில் சுற்றுகிறவருக்கும் அதையே மாட்டினால் எப்படி? தவிர, ரிங்கில் இருப்பது பனியே அல்ல, பனிக்கட்டி. தரையில் குழாய்களை நெருக்கமாகப் பரப்பி, உறையாத குளிர்திரவத்தை உள்ளே ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்துத் தெளித்து உறையவைக்கிறார்கள். அதன்மேல் வானத்துப் பனி விழுந்தால் வழித்தெறிந்த பிறகே ஆளை இறக்குகிறார்கள். பனியைத் துரத்தும் இடத்துக்குப் பனியின் பெயரா!

'செயற்கைப் பனி' என்பது இன்னொரு கூத்து. தண்ணீர் அசல், அது உறைவதும் அசல். குளிர் மட்டும்தான் இயந்திரத்தினுடையது. லண்டனில் 1876-இலேயே இப்படி உறையவைத்து ஆடியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் பொருளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். அகராதியைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் முதல் வரியோடு சரி.

சிலர் 'பனித்தளம்' என்கிறார்கள். விமானதளம், இணையதளம், மேல்தளம் என்று எதற்கெடுத்தாலும் தளம்தான். அதற்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

நம்மிடம் களம் இருக்கிறதே. போர்க்களம், ஆடுகளம், நெற்களம். ஈட்டிச் சண்டையில் தொடங்கிய ரிங்குக்கு இதைவிட நெருங்கிய உறவு ஏது? அதிலும் நெற்களத்தைப் பாருங்கள்: பருவம் வந்தால் தரையைச் செதுக்கி மெழுகுவார்கள், வேலை முடிந்தால் வெறும் தரை. நகர நடுவே விடுமுறைக்காக அமைத்து, வெயில் ஏறியதும் பிரித்துவிடும் ரிங்கும் அதே கதைதான். 'தற்காலிக' என்று முன்னால் ஒட்டக்கூட வேண்டாம். ராக்கஃபெல்லர் ரிங்கையும் தற்காலிகம் என்றுதான் 1936 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். இன்னும் குளிர்காலந்தோறும் உறைகிறது.

ஆகவே பனிக்கட்டிக் களம். நீளம் என்பார்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன்: பனிச்சறுக்கு மைதானம் 11 எழுத்து, இது 10.