தஞ்சாவூரில் போட்ட பாலிசி மன்னார்குடிக்கு எப்போது போய்ச் சேரும்?

தஞ்சாவூரில் ஹெட் ஆபீஸ், மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் கிளைகள். உரம், விதை விற்கும் நிறுவனங்கள் டெல்டாவில் இப்படி நிறைய ஓடுகின்றன. அங்கே கணினிகளுக்கான பாலிசியை, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்தே போடும் விதிகளை, பார்த்துக்கொள்ளும் எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான்: "சார், பென் டிரைவ் வேலை செய்யாதபடி காலையிலேயே பண்ணிட்டேன்னு சொன்னீங்க. மன்னார்குடியில இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

பெரும்பாலும் இது பழுதே இல்லை. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிய அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாலிசிக்கும் வழியில் சில மதகுகள் உண்டு. எந்த மதகில் நிற்கிறது என்று பார்க்காமல் ஒவ்வொரு கணினியாகப் போய், பாலிசியை உடனே எடுக்கச் சொல்லும் 'ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ்' (gpupdate /force) கட்டளையை அடிப்பது வீண் வேலை.

விண்டோஸ் கணினி ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்கு ஒரு முறை டொமைன் கன்ட்ரோலரிடம் (ஆபீஸ் கணினிகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சர்வர்) புதிய பாலிசி இருக்கிறதா என்று கேட்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காமல் இருக்க, அதோடு 30 நிமிடம் வரை தன்னிச்சையாகச் சேர்த்துக்கொள்ளும். ஆக இரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். சில பாலிசிகள் அப்படியும் வராது. மென்பொருள் நிறுவுவது, ஃபோல்டரை சர்வருக்குத் திருப்பிவிடுவது போன்றவை கணினி தொடங்கும்போதோ ஆள் லாகின் செய்யும்போதோதான் நடக்கும், சில சமயம் இரண்டு முறை லாகின் செய்ய வேண்டியிருக்கும். "தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே சார் போறோம்" என்பார்கள். விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் ஷட் டவுன் முழுசாக அணைப்பது ஆகாது. ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளைகளில் நிஜமான தாமதம் இதற்கும் முன்னால் இருக்கிறது. நாம் செய்யும் மாற்றம் வழக்கமாகத் தஞ்சாவூர் சர்வரில்தான் எழுதப்படுகிறது. மன்னார்குடியில் தனி டொமைன் கன்ட்ரோலர் இருந்தால், அங்குள்ள கணினிகள் அதைத்தான் கேட்கும். இரண்டு ஊரும் ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைன் கன்ட்ரோலர் வைத்திருக்கும் பயனர், கணினிப் பட்டியல்) தனித்தனி சைட்டாக, அதாவது தனித்தனி இடமாகப் பதிவாகி இருந்தால் மாற்றங்கள் பரிமாறப்படுவது, யாரும் தொடாதவரை, 180 நிமிடத்துக்கு ஒரு முறை. முன்சொன்ன இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் காலையில் போட்டது மதியத்துக்கு மேல் வருவதில் அதிசயம் என்ன? சர்வரில் 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' என்ற நிர்வாகக் கருவிக்குப் போய் இதை 15 நிமிடம் வரை குறைக்கலாம். ஆனால் நவம்பர் மழையில் லைன் போய்விட்டால் எந்த எண்ணும் உதவாது.

இன்னொரு சிக்கல்: பாலிசிக்கு இரண்டு பாகம். ஒரு பாகம் ஆக்டிவ் டைரக்டரியில், மற்றது டொமைன் கன்ட்ரோலரில் உள்ள சிஸ்வால் (SYSVOL) ஃபோல்டரில் ஃபைல்களாக. இரண்டும் தனித்தனியாகப் பயணிக்கின்றன. ஒன்று வந்து மற்றது வராவிட்டால், விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 1058 என்ற பிழை தெரியலாம். அப்போது கிளைக் கணினியைக் குடைந்து பயனில்லை, சர்வர் பக்கம் 'ரெப்அட்மின் ரெப்ளசம்மரி' (repadmin /replsummary) அடித்து ஆக்டிவ் டைரக்டரி பாகம் வந்ததா என்று பாருங்கள், சிஸ்வால் ஃபைல்கள் வந்தனவா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

நான் முதலில் பார்ப்பது கிளைக் கணினியில், வந்த பாலிசிகளைப் பட்டியலிடும் 'ஜிபிரிசல்ட் ஆர்' (gpresult /r) கட்டளை. அட்மினாகத் திறந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினிக்கான பகுதி தெரியாது. கடைசியாக எப்போது பாலிசி வந்தது, எந்த சர்வரிலிருந்து வந்தது, எது வடிகட்டப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். நேரம் புதிது, சர்வர் மன்னார்குடி, ஆனால் நம் பாலிசி பட்டியலிலேயே இல்லை என்றால் அது இன்னும் ஊர் வந்து சேராமல் இருக்கலாம். வடிகட்டிய பட்டியலில் இருந்தால் அனுமதியைப் பாருங்கள். 2016 ஜூனில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியைக்கூடக் கணினியின் கணக்குதான் படிக்கிறது. பாலிசியின் அனுமதிப் பட்டியலில் 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' (டொமைனில் உள்ள எல்லாப் பயனர்களும் கணினிகளும்) என்பதை நீக்கிவிட்டு ஆட்களின் பெயரை மட்டும் வைத்திருந்தால் வராது.

கடைசியாக வந்த நேரமே நாள்கணக்கில் பழையது என்றால் விஷயம் வேறு. இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாரோ டிஎன்எஸ்ஸில் (சர்வரின் பெயரைக் கேட்டு முகவரியைத் தேடும் அமைப்பு) நான்கு எட்டு, அதாவது கூகுளின் 8.8.8.8, போட்டிருப்பார்கள். கூகுள் டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் ஆபீஸ் டொமைன் எங்கே தெரியப்போகிறது? இல்லையென்றால் கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்த கணினி, கரண்ட் போய் வந்ததும் பழைய வருஷத்துக்குப் போய்விடும். சர்வரோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை ஏற்காது. ஆனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டில் லாகின் மட்டும் ஆகிவிடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பேட்டரி விலை ஒரு சாப்பாட்டுச் செலவுகூட இல்லை.

மாற்றங்களை மாலையில் போடுங்கள். இரவோடு இரவாக சர்வர்கள் பேசி முடித்துவிடும், காலையில் கணினிகள் ரீஸ்டார்ட் ஆகும்போதே எடுத்துக்கொள்ளும். இதற்குக் கிளையில் ஒரு ஏற்பாடு வேண்டும்: கடை பூட்டும்போது மெயின் ஸ்விட்சை இறக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. சர்வருக்குப் போகும் லைனைத் தனியாகப் பிரித்து வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.