மரம் மெலியாது

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாலையோர மரக் கணக்கெடுப்புக்காகச் சுங்கை சிப்புட் வட்டாரத் தன்னார்வலர்கள் ஒப்படைத்த படிவங்களைச் சரிபார்த்தபோது, நன்றாகத் தழைத்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் ஒன்று ஓராண்டில் நான்கு சென்டிமீட்டர் மெலிந்துவிட்டதாக எழுதப்பட்டிருந்தது. நானே நாடாவோடு போய்ப் பார்த்தேன். சென்ற ஆண்டு அளந்தவர் வேர் புடைத்த இடத்தருகே நாடாவைச் சுற்றியிருக்கிறார். இந்த ஆண்டு அளந்தவர் உயரமானவர், தம் நெஞ்சுக்கு நேராகச் சுற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட படிவம் எனக்கு வருவது இது முதன்முறையன்று.

"ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் என்ன ஐயா, மரம் அங்கேதானே நிற்கிறது?" என்று கேட்கிறார்கள். தார்ச்சாலைக்கும் கால்வாய்க்கும் இடையில் நெருக்குண்டு நிற்கும் மரத்தின் விட்டம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே நல்ல வளர்ச்சி. நாம் ஆண்டுதோறும் தேடிப் போவது அந்த ஒரு சென்டிமீட்டரைத்தான். அளவில் இரண்டு சென்டிமீட்டர் பிழை இருந்தால், மரம் வளர்ந்ததா, நின்றுவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. விட்டத்துக்குரிய கட்டத்தில் சுற்றளவை எழுதிவிட்டால் மரம் காகிதத்தில் மும்மடங்குக்கு மேல் பருத்துவிடும். மலேசியாவின் 1976 ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்டுவதற்குப் பொதுவாக எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கிறது என்பதால், இந்தக் குழப்பத்தைச் சிறியதென்று விட்டுவிட முடியவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குறித்த உயரத்தில் குறித்த சுற்றளவை எட்டாத மரத்தில் அவர்கள் கத்தி வைத்ததில்லை.

தன்னார்வலர்களை நம்ப முடியாது என்று சொல்லும் அதிகாரிகளோடு நான் உடன்படவில்லை. நியூயார்க் நகரின் 2015 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பங்கேற்றனர். பதிவான சாலையோர மரங்கள் 666,134. பயிற்சி கொடுத்து, எடுத்த அளவைச் சரிபார்த்தால் நம் ஊரிலும் முடியும்.

ஆகவே, 1.3 மீட்டர் நீளத்துக்கு நறுக்கிய குச்சி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதை அடிமரத்தோடு நிறுத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் நாடாவைச் சாயாமல் சுற்றுங்கள். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். தேநீர்க் கடையில் அமர்ந்து உத்தேசமாக நிரப்பாதீர்கள். அளக்காத கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். செம்பனைத் தோட்டங்களில் நாம் பார்த்துப் பழகிய, மரத்தை உள்ளே அழுகவைக்கும் கனோடெர்மா காளான் சாலையோர மரத்தடியிலும் தட்டுத் தட்டாக முளைக்கும். மரத்தைச் சுத்தம் செய்வதாக எண்ணி அதைப் பிடுங்கி எறிகிறார்கள்; உள்ளே அழுகல் அப்படியே இருக்க, பின்னால் பார்வையிட வருபவருக்கு அடையாளம் மட்டும் இல்லாமல் போகிறது. கைவைக்காமல் படமெடுத்து, மரத்தின் எண்ணோடு அன்றைக்கே அனுப்பிவையுங்கள்.