தேறுகோடு: கோல்ப் ஆட்டத்தில் ‘கட்’

‘கட் தாண்டிட்டான்.’ ‘கட் ஆயிட்டான்.’ மலேசியாவின் பகாவிலோ சுங்கை சிப்புட்டிலோ, ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கிப் பழகியவர்களிடம் வெளிநாட்டுப் போட்டி ஒன்றைப் பற்றி வெள்ளிக்கிழமை இரவு கேட்டால், இந்த இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். முதலாவது நல்ல சேதி, இரண்டாவது கெட்ட சேதி. இரண்டிலும் இருப்பது ஒரே ‘கட்’. பேச்சில் யாரும் தடுமாறுவதில்லை. எழுத்துக்கு வரும்போதுதான் சிக்கல். ‘வெட்டை உருவாக்கினார்’, ‘வெட்டைத் தவறவிட்டார்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதினால், ஆட்டக்காரருக்குக் காயம் பட்டதா காசு கிடைத்ததா என்றே படிப்பவருக்குப் புரியாது.

தொழில்முறைப் போட்டி பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும். நாளைக்கு 18 குழி, மொத்தம் 72. முதல் இரண்டு நாள் எல்லாரும் ஆடுவார்கள். 36 குழி முடிந்ததும் மொத்த அடிகளை வரிசைப்படுத்தி (குறைவாக அடித்தவரே மேலே), ஓர் எண்ணில் கோடு போடுவார்கள். அந்த எண்ணிலோ அதற்குக் கீழோ இருப்பவர் சனியும் ஞாயிறும் ஆடலாம். அதற்கு மேல் போனவர் பையைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் கோட்டுக்குத்தான் ‘கட்’ என்று பெயர்.

கோடு விழும் இடம் எப்படி முடிவாகிறது என்பதில் பலர் தவறாகவே எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் வழக்கமான விதி ‘முதல் 65 பேரும் சமன்களும்’. சமன் என்றால் 65-ஆம் இடத்தில் இருப்பவரோடு ஒரே எண்ணிக்கையில் நிற்பவர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திடலின் பார் (ஒரு சுற்றுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) 71, இரண்டு நாளுக்கு 142. களத்தில் 144 பேர். 142 அல்லது அதற்குக் குறைவாக அடித்தவர்கள் 58 பேர். சரியாக 143 அடித்தவர்கள் 12 பேர். 65-ஆம் ஆள் இந்தப் பன்னிருவருக்குள் வருகிறார். ஆகவே கோடு 143, அதாவது பாருக்கு மேல் ஒன்று. பன்னிருவரில் ஐவரைக் கழித்து 65 ஆக்க மாட்டார்கள். 70 பேரும் உள்ளே. 144 அடித்தவர் ஒரே ஓர் அடியில் வெளியே.

இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் கூத்து. அந்தப் பன்னிருவரில் சிலர் இன்னும் கடைசிக் குழிகளில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு போகி (குழியின் பாருக்கு மேல் ஓர் அடி) போட்டு 144-க்குப் போனாலும், 58-உம் 7-உம் சேர்ந்து 65, கோடு அசையாது. ஆறாவது ஆளும் போகி போட்டால் உள்ளே 64 பேர்தான். 65-ஆம் இடம் 144-இல் போய் விழும். உடனே 144 அடித்த அத்தனை பேரும், போகி போட்ட அந்த ஆறு பேர் உட்பட, உள்ளே வந்துவிடுவார்கள். விடுதி அறையைக் காலி செய்துவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிய ஆட்டக்காரர் பாதி வழியில் திரும்பி ஓடி வருவது இதனால்தான். ஆறடித் தூரத்திலிருந்து யாரோ ஒருவர் குழிக்குள் உருட்டிய பட் வழுக்கிப் போனதில் இன்னொருவருடைய வார இறுதி பிழைக்கிறது.

எண் எல்லாப் போட்டிக்கும் ஒன்றல்ல. மாஸ்டர்ஸில் முதல் 50-உம் சமன்களும். 2019 வரை அங்கே முன்னணியில் இருப்பவருக்குப் பத்து அடிக்குள் இருந்தாலும் உள்ளே விட்டார்கள், அந்தச் சலுகை 2020-இல் போய்விட்டது. யூஎஸ் ஓப்பனில் 60. பிரிட்டனின் ஓப்பனிலும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் 70. ஐரோப்பிய டூரில் 65. ‘கட் எத்தனை?’ என்று ஒருவர் கேட்டால் அவர் ஆள் எண்ணிக்கையைக் கேட்கிறாரா, அடி எண்ணிக்கையைக் கேட்கிறாரா என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். திடலில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் வெட்டுதல், குறைத்தல். கோல்பில் அது ‘களத்தை வெட்டிக் குறைத்தல்’ என்ற பொருளில் நுழைந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிய காலத்தில் அதற்குத் தேவையே இல்லை. 1860-இல் ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் நடந்தபோது ஆடியவர்கள் எட்டே பேர். 12 குழித் திடலை மூன்று முறை சுற்றினார்கள், ஒரே நாளில் முடிந்தது. எட்டுப் பேரில் யாரை வெட்டுவது? 1892-இல் போட்டி 72 குழிகளாக நீண்டது. ஆட வந்தவர்களும் பெருகினார்கள். 1898-இல், அதே பிரஸ்ட்விக்கில், முதன்முறையாக 36 குழிக்குப் பிறகு ஆள் குறைத்தார்கள். அப்போது அளவுகோல் இடம் இல்லை, அடி வித்தியாசம்: முன்னணியில் இருந்தவரைவிட 20 அடியோ அதற்கு மேலோ பின்தங்கியவர் வெளியே. அந்த ஆண்டு பட்டம் ஹாரி வார்டனுக்கு. ஆள் குறைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் பகல் வெளிச்சம். 144 பேர் மூவர் மூவராக ஆடி முடிக்க, காலை ஏழு மணிக்குத் தொடங்கினாலும் பொழுது சாய்ந்துவிடும். 70 பேர் என்றால் இருவர் இருவராக விட்டாலும் மாலைக்குள் முடியும்.

இந்தச் செயல் காலப்போக்கில் பொருளாக மாறியது. முதலில் ‘வெட்டுதல்’ என்ற வினை; பிறகு வெட்டு விழும் இடம்; அதற்கும் பிறகு அந்த இடத்தைக் கடந்த பெருமை. ஆங்கிலத்தில் இன்று இதே சொல்லைக் கொண்டு, கோல்பே தெரியாதவர்களும் வேலைக்குத் தேர்வானதைச் சொல்கிறார்கள்.

ஆட்டக்காரரின் பிழைப்பில் இந்தக் கோடு என்ன செய்கிறது? பிஜிஏ டூரின் சாதாரணப் போட்டியில் கோட்டைத் தாண்டாதவருக்குப் பரிசுப் பணம் இல்லை. மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகள் மட்டும் கையில் ஏதோ கொஞ்சம் கொடுத்து அனுப்பும். மொத்தப் பரிசில் வழக்கமாக 18 விழுக்காடு முதலிடத்துக்கு, 10.9 இரண்டாம் இடத்துக்கு. கீழே போகப் போகச் சரசரவென்று சரிந்து, 65-ஆம் இடத்துக்கு கால் விழுக்காடுகூட மிஞ்சாது. விமானச் சீட்டும் விடுதியும் சாப்பாடும் பை தூக்கும் கேடியின் வாரக்கூலியும் யாருக்கும் ஒன்றுதான். கேடிக்கு வாரக்கூலிக்கு மேல், தேறினால் பரிசில் 5 விழுக்காடு, முதல் பத்துக்குள் வந்தால் 7, வென்றால் 10 என்பது பரவலான ஏற்பாடு. ஆக வெள்ளிக்கிழமை கழிந்துபோன ஆட்டக்காரர் அந்த வாரத்துக்குக் கைக்காசு போட்டு ஆடியவர். இரண்டு மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால், வருமானமே இல்லாத எட்டு வாரச் செலவு அது. அந்நியத் தோட்டத்துக்கு ரயில் செலவு கொடுத்துப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வேலை இல்லாமல் திரும்பி வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளக்காமலே விளங்கும்.

பணம் மட்டும் போவதில்லை. உலகத் தரவரிசையில் ஓர் ஆட்டக்காரரின் புள்ளிகளை இரண்டு ஆண்டுக்குக் கூட்டி, அவர் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். கழிந்த போட்டிக்குப் புள்ளி சுழி. ஆனால் வகுக்கும் எண்ணில் அது ஒன்றாகச் சேரும். குறைந்த வகுஎண் 40. முப்பது போட்டிதான் ஆடியிருந்தாலும் 40-ஆல் வகுப்பார்கள், அதனால் அங்கே ஒரு கழிவு புதிதாக வலிக்காது. 40-ஐத் தாண்டிவிட்டால் 52 வரை ஒவ்வொரு வெறும் வாரமும் சராசரியைக் கீழே இழுக்கும். களைத்துப்போன ஆட்டக்காரர் ‘சும்மா ஒரு போட்டி ஆடிப் பார்ப்போம்’ என்று போகாமல் வீட்டில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேறுவதையே ஒரு சாதனையாக எண்ணினால் டைகர் உட்ஸின் 142 தொடர் போட்டிகளைச் சொல்ல வேண்டும்: 1998-இல் தொடங்கி 2005-இல் முடிந்தது. முன்பு 113 என்று இருந்தது பைரன் நெல்சனின் கணக்கு. உட்ஸின் தொடர் அறுந்தது நெல்சன் பெயரில் நடக்கும் போட்டியிலேயே, அதுவும் ஓர் அடியில். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அவ்வளவு சரியில்லை. நெல்சன் காலத்தில் பரிசுப் பணம் பெற்றால்தான் கணக்கு, பணம் பெற்றவர்களும் சிலரே. உட்ஸின் தொடரில் கோடே போடாத போட்டிகளும் சேர்ந்திருக்கின்றன.

கோடே இல்லாத போட்டியா என்றால், உண்டு. மலேசியாவில் 2010 முதல் 2018 வரை நடந்த சிஐஎம்பி கிளாசிக் அப்படிப்பட்டது. அழைக்கப்பட்ட சிலரே ஆடினார்கள், கடைசி இடத்துக்கும் பணம் உண்டு. முதல் சில ஆண்டுகள் அது நடந்த மைன்ஸ் திடல் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். மலேசிய ஓப்பனில் அந்தச் சலுகை கிடையாது. 1992-இல் விஜய் சிங்கும், 2003-இலும் 2008-இலும் அர்ஜுன் அத்வாலும் வெள்ளிக்கிழமைக் கோட்டைத் தாண்டித்தான் அங்கே வென்றார்கள். 2022-இல் தொடங்கிய லிவ் என்ற போட்டித் தொடர், அப்போது 54 குழி, 48 பேர், கட் இல்லை என்பதையே விளம்பரமாக வைத்தது. கட் என்ற சொல் ஆட்டக்காரரின் வயிற்றில் எவ்வளவு புளியைக் கரைக்கிறது என்பதற்கு அந்த விளம்பரமே சாட்சி.

நம் ஊர்ப் போட்டிகளில் இன்னொரு தொல்லை, பிற்பகல் இடிமழை. சைரன் நீளமாக ஒரே முறை ஊதினால் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பட் கோலைப் பின்னால் இழுத்திருந்தாலும் இறக்கிவிட வேண்டும்; மீறினால் தகுதி நீக்கம். மூன்று முறை ஊதினால் நிற்கும் குழியை முடித்துவிட்டு நிறுத்தலாம். இரண்டு குட்டை ஒலி, மீண்டும் ஆடலாம் என்பதற்கு. இப்படித் தடைப்பட்டால் பாதிப் பேரின் இரண்டாம் சுற்று சனிக்கிழமை காலைக்குத் தள்ளிப் போகும். அதுவரை கோடு வெறும் ஊகம். பத்திரிகைக்கு எழுதுபவர் ‘இப்போதைய கோடு’, ‘முடிவான கோடு’ என்று பிரித்து எழுதாவிட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டி வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெட்டு’ எளிதாக நாக்கில் வரும். ஆனால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. பால் வெட்டு என்றால் வருமானம். விடிவதற்கு முன் உளியோடு நிரைக்குப் போவது. செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) பேர் வெட்டு என்றால் வேலை போயிற்று. ஒரே வெட்டு சோறும் போடுகிறது, அடுப்பையும் அணைக்கிறது. கோல்ப் திடலிலேயே புல் வெட்டு இருக்கிறது. ஓடுபாதையை (பந்தை அடித்துச் செல்லும் புல்வெளியை) ஒட்டிய குட்டைப் புல்லுக்கு ‘முதல் கட்’ என்று பெயர். இடமிருந்து வலமாக வளைத்து அடிப்பதும் ‘கட்’. காலையில் பச்சையில் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரையில்) புதுக் குழி எடுப்பதும் ‘கட்’: 108 மில்லிமீட்டர் அகலம், குறைந்தது 101.6 மில்லிமீட்டர் ஆழம். இத்தனைக்கும் நடுவே ‘வெட்டு 143’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

ஒலியும் உதவாது. ‘கட்’ நம் வாயில் உகரம் சேர்ந்து ‘கட்டு’ ஆகிவிடுகிறது. வெட்டுவதற்கு நேர் எதிர்ப் பொருள் அது. சமனாக நிற்பதைச் சொல்லும் ‘டை’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ‘கட்டு’ என்று மொழிபெயர்த்தால், ‘கட்டும் கட்டுகளும்’ என்று முடியும். ‘தகுதிக்கோடு’ பரவாயில்லை, ஆனால் தகுதிச்சுற்று என்பது டூரில் ஆடும் உரிமையான டூர் அட்டை வாங்க ஆடும் வேறொரு போட்டி, இரண்டும் மோதும். ‘நீக்கம்’ விதி மீறியவருக்கு உரியது.

எங்கள் தேர்வு ‘தேறுகோடு’. வறுமைக்கோடு, எல்லைக்கோடு போலப் படித்தவுடன் உருவம் தெரிகிறது. தேறுதல் என்பது பள்ளிப் பரீட்சையிலிருந்து நோயாளி பிழைப்பது வரை எல்லா வீட்டிலும் புழங்கும் வினை. ‘தேறுவரை’ என்று சுருக்கலாம் என்றால், ‘தேறும் வரை’ என்று வாசித்துவிடுவார்கள், ‘கோடு’ இருக்கட்டும். இரண்டு பக்கமும் எழுத எளிது: ‘தேறினார்’, ‘ஓர் அடியில் தேறவில்லை’, ‘தேறுகோடு பாருக்கு மேல் 1’, ‘தேறுகோட்டில் நின்று தேறினார்’. முடிவுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட் என்ற குறியை ‘தேறார்’ என்று போடலாம். அதோடு ‘விலகினார்’, ‘தகுதி நீக்கம்’ என்ற இரண்டையும் கலக்கக் கூடாது: முதலாமவர் காயத்தாலோ வேறு காரணத்தாலோ தானே போனவர், இரண்டாமவர் விதியை மீறியவர், தேறாதவர் ஒழுங்காக 36 குழியும் ஆடி முடித்தவர்.

2008 முதல் 2019 வரை பிஜிஏ டூரில் நான்காவதாக ஒரு குறியும் இருந்தது. 78 பேருக்கு மேல் தேறிவிட்டால் சனிக்கிழமை இரண்டாம் முறை ஆள் குறைப்பார்கள். அப்படிப் போனவர் தேறியவர்தான், பணமும் உண்டு, ஆனால் ஞாயிறு ஆட்டம் இல்லை. 65 பேர் விதி வந்த 2019-20 பருவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பட்டியல்களைத் தமிழில் தருபவர்கள் அதை ‘தேறினார், முடிக்கவில்லை’ என்று போட்டால் போதும்.