வெட்ட வெட்டப் பெருகும் கடல் சாமந்தி

மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு வாசகர் படத்தோடு எழுதியிருக்கிறார். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறாராம். உள்ளே இருக்கும் கல்லில் பழுப்பு நிறத்தில் பூ மாதிரி ஒன்று முளைத்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார். பக்கத்திலிருந்த மென்பவளம் சுருங்கத் தொடங்கியதும் பிளேடால் சுரண்டி எடுத்தார். கொஞ்ச நாளில் அதே இடத்தைச் சுற்றி ஒரு கூட்டமே முளைத்துவிட்டது. தொட்டியைப் பார்க்க வந்தவர்களின் கண் பட்டுவிட்டது என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது என்று கேட்கிறார்.

கண் எதுவும் படவில்லை. கண்ணேறு என்று சொன்னவுடன் காரணம் தேடுவது நின்றுபோகிறது. அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. படத்தில் இருப்பது ஐப்டேசியா என்ற சிறு கடல் சாமந்தி. பள்ளியில் ஹைட்ராவோடு சேர்த்துப் படித்தோமே, அந்தக் குழியுடலி வகை. கொட்டும் செல்கள் இதற்கும் உண்டு. வலை இழுக்கும்போது சொறி எனும் ஜெல்லிமீன் பட்டுக் கை தடித்தவர்களுக்கு அந்தச் செல்லின் வேலை தெரியும். பவளம் சுருங்கியதும் அதே செல்லால்தான். கல்லோடு ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்திருக்கும்.

பிளேடு ஏன் தோற்றது என்பதுதான் சுவையான பகுதி. தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஐப்டேசியா ஒன்று கிடைத்தால் வெளியிலிருந்து கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். அதன் அடிப்பாதம் முழுதாகத் தெரியும். வட்டமான, ஒளி ஊடுருவும் மெல்லிய தட்டு. நடுவிலிருந்து விளிம்பு வரை வெளிறிய கோடுகள். அவை உடலுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள். விளிம்பு மட்டும் ஒழுங்காக இராது, அங்கங்கே பிதுங்கியிருக்கும். இந்தப் பிராணி மிக மெதுவாக ஊர்ந்து இடம் மாறும். அப்போது விளிம்பின் சில இடங்கள் கண்ணாடியை விடுவதில்லை. உடல் முன்னே நகர, ஒட்டிய பகுதி இழுபட்டு, மெலிந்து, அறுந்து பின்னால் தங்கிவிடும். மில்லிமீட்டர் அளவில் ஒரு பழுப்புத் துணுக்கு.

அந்தத் துணுக்குக்கு வாய் கிடையாது, கொட்டும் கரங்கள் கிடையாது. கிழிந்த ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி மடங்கி முதலில் காயம் மூடுகிறது. பிறகு உருண்டு திரண்டு, மேற்புறத்தில் வாய் திறந்து, அதைச் சுற்றிக் குட்டிக் கரங்கள் எட்டிப் பார்க்கின்றன. ஓரிரு வாரத்தில் மரபணு வரைக்கும் தாயின் அச்சு அசலான நகல் தயார்.

வாய் திறக்கும்வரை அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது? நான் சொக்கிப்போகும் இடம் இதுதான். பவளங்களைப் போலவே ஐப்டேசியாவின் செல்களுக்குள்ளும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பழுப்பு நிறமே அவற்றால் வருவது. துணுக்கு அறுபடும்போது பாசியும் கூடவே வந்துவிடுகிறது. விளக்கு எரிந்தால் போதும், பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையை ஊட்டுகிறது. பிராணியின் கழிவான அம்மோனியாவை உரமாக எடுத்துக்கொள்கிறது. முட்டையிலிருந்து பிறக்கும் ஐப்டேசியாவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது பாசியே இல்லாமல் பிறந்து, கடல்நீரிலிருந்து தனக்கான பாசியைப் பிடித்து விழுங்கிக்கொள்ள வேண்டும். அறுந்த துண்டுக்கோ தாய்வீட்டுச் சீரோடு வாழ்க்கை தொடங்குகிறது.

நம் குமரி மாவட்டத்தில் மட்டி வாழை வைத்தவர்களுக்குத் தெரியும்: தண்டை வெட்டினாலும் கிழங்கு மண்ணில் கிடந்தால் கன்று வரும். இங்கே அந்தக் கிழங்கை நொறுக்கினால் ஒவ்வொரு நொறுங்கலும் கன்றாகிறது. வாசகரின் பிளேடு செய்தது அதைத்தான். மன்னார் வளைகுடாவில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி படுத்தும் பாடும் இப்படிப்பட்டதே. உணவைக் கெட்டியாக்கும் கரகீனன் என்ற பொருளை எடுப்பதற்காக வளர்க்கப்பட்ட அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்தது 2008-ல் பதிவாயிற்று. கையால் பிய்த்து எடுத்தாலும் மிஞ்சும் சிறு துண்டிலிருந்து மறுபடி தழைக்கும்.

சரி, வைத்தியம். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். வேறெதுவும் கலக்காத தூய பொடியாக வாங்குங்கள். தொட்டி நீரில் கெட்டியாகக் குழைத்து, மோட்டாரை நிறுத்தி, சிரிஞ்சால் வாய்மேல் மெல்ல விட்டு உடல் முழுக்க மூடிவிடுங்கள். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும். நிறைசெறிவுச் சுண்ணாம்பு நீருக்கு 12.4. பிஎச்சில் ஓர் எண் கூடினால் காரம் பத்து மடங்கு. ஆக, காரத்தன்மையில் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகமான வித்தியாசம். திசு அப்படியே கரைந்துபோகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் தொட்டியின் பிஎச்சே ஏறி மீன்கள் திணறும். நாளுக்குச் சில போதும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். தாமிரம் கலந்த மீன் மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இறாலும் நத்தையும் பவளமும் சேர்ந்து சாகும்.

பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. அது ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்ற இரையின் கொட்டும் செல்களை வெடிக்காமல் காப்பாற்றி, முதுகிலுள்ள விரல் போன்ற நீட்சிகளில் சேர்த்துத் தன் ஆயுதமாக்கிக்கொள்ளும். இரை தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும்; அதற்கு முன் தேவைப்படுகிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். எது செய்தாலும் மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள். மிச்சத் தீனிதான் ஐப்டேசியாவைக் கொழுக்க வைக்கிறது.

நீங்கள் கொல்லத் துடிக்கும் இதே பிராணியை ஆய்வகங்களில் போற்றி வளர்க்கிறார்கள். கடல் சூடேறினால் பவளம் தன் பாசியை இழந்து ஏன் வெளுக்கிறது என்று ஆராய, சீக்கிரம் பெருகுகிற, லேசில் சாகாத ஒரு மாதிரி உயிர் வேண்டும். அதற்கு ஐப்டேசியாவைவிடப் பொருத்தமானது அரிது. 2015-ல் அதன் மரபணுத் தொகுதியே வெளியாகிவிட்டது. வளர்க்கத் தேவை ஒரு தட்டு, கடல்நீர், விளக்கு, தீனிக்குக் கொஞ்சம் ஆர்ட்டீமியா என்ற இறால் போன்ற சிற்றுயிர். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை உள்ள நம் மாவட்டத்தில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துக் கடலைக் கற்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆராய்ச்சி நிதி என்றாலே கோடிகளில் பேசுகிறோம். கல்லூரிக்கு ஓர் அறையும் சில தொட்டிகளும் கொடுத்தால் போதும், உலகம் கேட்கும் கேள்வியை இங்கிருந்தும் கேட்கலாம்.

வாசகருக்கு இன்னும் ஒன்று. பாதிக்கப்பட்ட கல்லையோ தொட்டித் தண்ணீரையோ முட்டம் கடலிலோ ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயிலோ கொட்ட வேண்டாம். 1984-ல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே சிறு திட்டாகத் தென்பட்ட காலெர்பா என்ற மீன்தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. மாற்றுக் கல்லுக்காகக் கடலில் பவளத்தைப் பெயர்க்கவும் கூடாது; பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பழைய கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அதில் கடல் சாமந்திக்கு உறவான ஜோவாந்திட் வகை உயிர் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறி, வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். கையுறை போட்டு எடுத்து, பிள்ளைகள் தொடாத இடத்தில், மொட்டைமாடி வெயிலில் சில வாரம் காயவிட்டால் போதும்.