டிஸ்க் பிதுங்கினால் கத்தியா, காத்திருப்பதா?

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பாதி வேலையை நாரியால், அதாவது கீழ்முதுகால்தான் செய்கிறார்கள். அப்படி இழுக்கிற ஒருவருக்கு நாரியில் தொடங்கிய நோ பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிப் பாதம் வரை சுரீரென்று ஓடினால், டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்டிருக்க நல்ல வாய்ப்புண்டு. ஸ்கேன் வந்ததும் வீட்டில் பேச்சு ஒன்றுதான்: "பெரிசாப் பிதுங்கியிருக்காம், ஒபரேஷன்தானாம்."

பெரிசு என்பதால் ஒபரேஷன் என்ற கணக்கு அவ்வளவு சரியில்லை.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில் வெளியே நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பின்பக்கமாக வெளியே வரும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது நடக்கிறது. கூழ் நரம்பு வேரை நசுக்குவது நோவுக்கு ஒரு காரணம். அது கசியவிடும் இரசாயனங்கள் நரம்பில் அழற்சியைக் கிளப்புவது இன்னொன்று. அதனால்தான் பிதுக்கம் அப்படியே இருக்கும்போதே பலருக்கு நோ குறையத் தொடங்குகிறது.

அப்புறம்தான் சுவாரசியம். டிஸ்க்கின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. நோயெதிர்ப்புக் கலங்களுக்கு அந்தக் கூழோடு பழக்கமே இல்லை. வெளியே வந்த கூழை அவை அந்நியப் பொருளாக எண்ணிச் சூழ்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, விழுங்கு கலங்கள் வந்து சில மாதங்களில் அதைத் தின்று கரைக்கின்றன. வளையத்தை முழுதாகக் கிழித்து வெளியே விழுந்த பெரிய துண்டுதான் அதிகம் கரைகிறது. வளையத்துக்குள்ளேயே புடைத்து நிற்கும் சின்னப் பிதுக்கம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நோவே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும், 20 வயதினரில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைப்பு தெரிகிறது. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதி ஊருக்குக் கத்தி வைக்க வேண்டிவரும்.

2007இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 12 கிழமைகள் கடுமையான கால் நோவோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே சத்திரசிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் தேற 4 கிழமைகள்; காத்திருந்தவர்களில் பாதிப் பேர் தேற 12. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, கத்தி வாங்கித் தருவது காலத்தை. அந்தக் காலத்துக்கு ஆளாளுக்கு ஒரு விலை. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வலை எப்படியும் கரையில் கிடக்கும்போது நோ வந்தவர், மாத்திரையோடும் இயன்மருத்துவப் பயிற்சியோடும் பொறுத்துப் பார்க்கலாம். படுத்தே கிடக்கக் கூடாது, முடிந்தளவு நடக்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில், தொழில் உச்சத்தில் இருக்கும்போது, 6 கிழமைகள் பார்த்தும் இரவில் தூங்க முடியவில்லையென்றால் சத்திரசிகிச்சை கேட்பது நியாயம். ஆனால் தையல் பிரித்த மறுநாளே கயிற்றைப் பிடிக்க முடியாது. அதற்கும் சில கிழமைகள் போகும். சத்திரசிகிச்சை நன்றாகத் தீர்ப்பது கால் நோவைத்தான், நாரி நோவை அந்தளவுக்கு இல்லை. சிலருக்கு அதே டிஸ்க் மறுபடியும் பிதுங்கும்.

இந்தப் பேரமெல்லாம் செல்லாத இடமும் உண்டு. குதிகாலில் நடந்து பாருங்கள்: ஒரு பாதத்தின் முன்பகுதி மேலே எழும்ப மறுத்து, அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடினால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போக வேண்டும். உட்காரும்போது தரையில் படுகிற இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போய், சிறுநீர் அடைத்தாலோ தெரியாமலே போனாலோ, நள்ளிரவானாலும் ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றையே நசுங்குகிறது என்று அர்த்தம். இரண்டு நாள் தாமதித்துச் செய்யும் சத்திரசிகிச்சை, போன சிறுநீர்க் கட்டுப்பாட்டைத் திருப்பித் தராமலே போகலாம்.