"அவர் தூங்கிட்டார்" என்று ஃபைலை மூடிவிடலாமா?

கடல் விபத்து விசாரணைக்கு ஆள் பழக்கும் வகுப்பில், முதல் நாள் நான் எடுப்பது எப்போதும் ஒரே விபத்துதான். 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகம். ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெரி, முகப்புக் கதவு திறந்தபடியே கிளம்பியது. கார் தளத்தில் தண்ணீர் ஏறி, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய உதவி போசன் (தள மாலுமிகளின் துணை மேற்பார்வையாளர்) கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"காரணம் எழுதுங்க" என்பேன். முக்கால்வாசிப் பேர் "பணியில் அலட்சியம்" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். இருபது வருஷம் கடலில் இருந்தவர்களும்தான். யார் தப்பு என்று கேட்டே கேப்டனாகிறோம். நானும் அப்படித்தான் ஆனேன்.

பிறகு மீதியைச் சொல்வேன். கதவு மூடியதை உறுதி செய்ய வேண்டியவர் சீஃப் ஆபீசர். புறப்பட 15 நிமிடம் முன்பே அவர் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலும் நிற்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. ஒரே ஆள், இரண்டு இடம். கதவு நிலையைக் காட்ட பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள்; கரையில் இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். இதைக் கேட்டதும், "அப்போ இவர் முழிச்சிருந்தாலும், இன்னொரு நாள் இன்னொருத்தர் தூங்கியிருப்பார் சார்" என்று யாராவது சொல்வார். அவர் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

அந்த விபத்துக்குப் பின், 1989-ல், பிரிட்டன் கடல் விபத்துகளுக்கென்றே தனி விசாரணைப் பிரிவு தொடங்கியது. 2010 முதல் அமலில் உள்ள சர்வதேச விசாரணை விதித்தொகுப்பும், பழி சுமத்துவது பாதுகாப்பு விசாரணையின் வேலை அல்ல என்கிறது.

கப்பலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று: விபத்து நடந்தால் வி.டி.ஆர். (கப்பலின் பயணப் பதிவுக் கருவி) பதிவைச் சேமிக்கும் பட்டனை அமுக்க மறக்காதீர்கள். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்திய கருவிகள் 48 மணி நேரமாவது வைத்திருக்கும். பழையவற்றில் 12 மணி நேரம்தான் உத்தரவாதம், அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். நாங்கள் வந்து சேரவே இரண்டு நாளாகும்.

வகுப்பில் சொல்லித்தர மிகக் கஷ்டமானது, மாலுமியிடம் பேசுவது. இது எந்த விசாரணை, வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "ஏன் செய்யல?" என்று ஆரம்பித்தால் வாய் அடைத்துவிடும். "வாட்ச் டூட்டி ஏறினதிலிருந்து சொல்லுங்க தம்பி" என்றால் பேச்சு வரும்.

ஒருமுறை ஒரு மாலுமியின் ஓய்வு நேரத் தாளைப் பார்த்தேன். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்பது விதி. தாளில் முப்பது நாளும் கச்சிதம். ஒரே பேனா, ஒரே அழுத்தம். சரக்கு வேலைகளைக் குறிக்கும் லாக் புத்தகத்தைப் புரட்டினால், அவர் தூங்கியதாக எழுதியிருந்த இரவு 2 மணிக்கு, அதில் அவருடைய கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் டீ வரவழைத்தேன். பாதி டீயில் சொன்னார்: "மாசக் கடைசியில மொத்தமா எழுதச் சொல்லுவாங்க சார்."